படலும் கிராதியும்

நெய்வேலியும் வேலியும்

தமிழ்நாட்டில் தொழில் வளத்தால் சிறந்து விளங்கும் ஊர்களுள் நெய்வேலி ஒன்றாகும். கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்திற்குக் கிழக்கே, வடலூருக்கு அண்மையில் அவ்வூர் அமைந்துள்ளது. முந்திரியும் பலாவும் செழித்து வளரும் செம்மண் நிலம் அது. அந்நிலத்தின் அடியில் பழுப்பு நிலக்கரி புதைந்து கிடப்பது 1930ஆம் ஆண்டுகளில் தெரியலாயிற்று. ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டுவித்தபோது, நீரோடு கரிய பொருள் ஒன்றும் வெளிப்பட்டது. அதுவே பின்னாளில் ஒரு பெருந்தொழிலுக்கு வித்தாயிற்று. 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14ஆம் நாள் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. அடுத்த ஆண்டு மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரிப் படிவம் கண்ணுக்குப் புலனாயிற்று. 1962இல் அனல்மின் நிலையம் மின்னாற்றல் வழங்கத் தொடங்கியது.

சுரங்கத்திற்கு ஆட்கள் வேண்டும்; ஆட்களுக்கு வீடுகள் வேண்டும். ஆதலின் புதிய நகரம் ஒன்று அளந்து அமைக்கப்பெற்றது. எண்ணிட்ட வட்டங்கள், நேரிய சாலைகள், சாலை ஓரங்களில் நிழல் மரங்கள், வரிசை வரிசையாக வீடுகள் என அந்நகரம் ஒழுங்குற எழுந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அங்கு வந்து குடியேறினர்.

நகரம் புதியதாயினும் அதன் பெயர் பழையது. அப்பெயரின் இறுதியில் ‘வேலி’ என்னும் சொல் நிற்கிறது. வேலி என்பது நிலத்தைச் சூழ்ந்து நின்று காக்கும் அரண். இருபது மா கொண்ட நில அளவிற்கும் வேலி என்றே பெயர். காக்கும் அரணுக்கும் காக்கப்படும் நிலத்திற்கும் தமிழர் ஒரே சொல்லை வழங்கினர். வேலி இன்றிப் பயிர் இல்லை என்பது உழவர் உணர்ந்த உண்மை.

அப்பெயர் கொண்ட ஊரில், வீடுகளின் தாழ்வாரத்தையும் மாடிப் படியையும் நோக்கினால், அங்கும் ஒருவகை வேலியைக் காணலாம். இரும்புக் கம்பிகளை வளைத்தும் நெளித்தும், பூவும் கொடியும் போலப் பிணைத்தும் அமைத்த அழகிய தடுப்பு அது. அதனைத் தச்சரும் கொத்தரும் ‘கிராதி’ என்பர். குழந்தை மாடியிலிருந்து விழாமல் காப்பதும், முதியவர் படி ஏறுங்கால் கை ஊன்ற இடம் தருவதும், காற்றையும் வெளிச்சத்தையும் தடுக்காமல் வீட்டிற்குள் விடுவதும் கிராதியின் தொழில்கள். நாள்தோறும் கண்ணிற் படும் பொருள் அது. நாள்தோறும் காதில் விழும் பெயர் அது. ஆயினும் அப்பெயர் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்ப்பார் சிலரே. அதனை ஆராய்வோர்க்கு வியப்பூட்டும் வரலாறு ஒன்று புலப்படும்.

கடல் கடந்து வந்த சொல்

கிராதி என்னும் ஓசையைக் கேட்டவுடன், வேடனைக் குறிக்கும் கிராதன் என்னும் சொல் சிலர்க்கு நினைவிற்கு வரலாம். அருச்சுனனோடு போர் செய்யச் சிவபெருமான் கொண்ட வேட வடிவத்தைக் கிராத வடிவம் என்பர். அச்சொல் வடசொல். கம்பித் தடுப்பைக் குறிக்கும் கிராதிக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஒலி ஒத்திருப்பதாலேயே இரு சொற்களை உறவென்று கொள்ளுதல் கூடாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

கிராதியின் பிறப்பிடத்தை அறிய நெய்வேலியிலிருந்து கிழக்கே கடற்கரைக்குச் செல்லவேண்டும். வெள்ளாறு கடலொடு கலக்கும் இடத்தில் பறங்கிப்பேட்டை என்னும் பழந்துறை உள்ளது. பறங்கியர் என்பது ஐரோப்பியரைக் குறிக்கத் தமிழர் வழங்கிய சொல். அவ்வூருக்குப் ‘போர்ட்டோ நோவோ’ என்ற வேறொரு பெயரும் உண்டு. அது போர்ச்சுகீசிய மொழித் தொடர். புதிய துறைமுகம் என்பது அதன் பொருள். ஒரே ஊர் தாங்கி நிற்கும் இவ்விரு பெயர்களும், அயல்நாட்டார் வந்து தங்கிய வரலாற்றை இன்றும் கூறிக்கொண்டிருக்கின்றன.

1498ஆம் ஆண்டு வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்தார். அதன்பின் வந்த போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் நாகப்பட்டினம், மயிலாப்பூர், தூத்துக்குடி முதலிய கடற்கரை ஊர்களில் தங்கி வாணிகம் செய்தனர்; வீடுகளும் தேவாலயங்களும் எழுப்பினர். பொருள் புதிதாக வரும்பொழுது அதனோடு பெயரும் வருதல் உலக இயல்பு. அவ்வகையில் தமிழில் புகுந்த போர்ச்சுகீசியச் சொற்கள் பல. சன்னல், சாவி, மேசை, அலமாரி என்பன அவற்றுட் சில. இவற்றை நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். இவை யாவும் வீட்டின் உறுப்புகளையோ வீட்டுப் பொருள்களையோ குறிப்பன. அரசர் அவையிலோ புலவர் ஏட்டிலோ இவை நுழையவில்லை. தச்சுப் பட்டறையிலும் கட்டட வேலையிலும் சந்தையிலும் புகுந்து, பின்னர் எல்லோர் வீட்டிலும் குடியேறின.

கிராதியும் அக்கூட்டத்தைச் சேர்ந்ததே. கம்பித் தடுப்பைப் போர்ச்சுகீசியர் ‘கிராதெ’ என ஒலித்தனர். அவர்தம் ஒலிப்பில் முதல் இரண்டு ஒலிகளும் இடையே உயிரின்றி இணைந்து நிற்கும். தமிழ்ச் சொல்லின் முதலில் மெய்கள் அவ்வாறு இணைந்து வருதல் இல்லை. ஆதலின் அவற்றிடையே இகரம் புகுந்தது. குற்றெகரம் தமிழ்ச் சொல்லின் இறுதியில் நில்லாது. ஆதலின் அதுவும் இகரமாக மாறியது. இலக்கண நூல் கற்ற புலவர் எவரும் கூடி இம்மாற்றத்தைச் செய்தாரல்லர். உளியும் சுத்தியும் பிடித்த தொழிலாளரின் நாவே தமிழின் இலக்கணத்தை மறவாமல் அச்சொல்லைத் திருத்தி அமைத்துக்கொண்டது. வடசொல்லைத் தமிழில் வழங்குங்கால் அயலெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் அமைக்கவேண்டும் என்று தொல்காப்பியர் கூறிய நெறி, கடல் கடந்து வந்த சொல்லுக்கும் இவ்வாறு பொருந்தலாயிற்று.

படலே தாய்

போர்ச்சுகீசிய மொழி இலத்தீன் மொழியின் வழிவந்தது. ஆகவே கிராதெ என்னும் சொல்லின் வேரை இலத்தீனில் காணலாம். இலத்தீனில் ‘கிராதிஸ்’ என்று ஒரு சொல் உண்டு. அதன் பொருள் இரும்புக் கம்பி அன்று. அழகிய வேலைப்பாடும் அன்று. மெல்லிய கழிகளையும் மிலாறுகளையும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய எளிய தட்டியே கிராதிஸ் எனப்பட்டது. உரோம நாட்டு இடையர் அத்தட்டிகளை நட்டு ஆடுகளை அடைத்தனர். உழவர் அதனையே நிலத்தில் இழுத்து மண்கட்டிகளை உடைத்தனர். ஏழை மக்கள் அதன்மேல் மண் பூசிச் சுவராக்கினர். போர்வீரர் அரண் அமைக்கவும் அதனைப் பயன்படுத்தினர்.

தமிழ்நாட்டுச் சிற்றூரில் வாழ்வார்க்கு இப்பொருள் புதியதன்று. அதன் தமிழ்ப்பெயர் படல் என்பது. மூங்கிற் பிளாச்சுகளாலோ முள்ளாலோ பனையோலையாலோ பின்னிய படல், வேலியின் வாயிலை அடைக்கும் கதவாகும். அறுவடை முடிந்தபின் உழவர் தம் வயலில் ஆட்டுக்கிடை அமர்த்துவர். இடையர் படல்களை வட்டமாக நட்டு, இரவில் ஆடுகளை அதனுள் அடைப்பர். ஆட்டெருவால் நிலம் வளம் பெறும். இடையர்க்குக் கூலியாக நெல் கிடைக்கும். விடிந்ததும் படல்களைப் பிடுங்கித் தோளில் சுமந்து அடுத்த வயலுக்குச் செல்வர். உரோமர் கிராதிஸ் என்றதும் தமிழர் படல் என்றதும் ஒன்றே. ஆயிரக்கணக்கான கல் தொலைவு இடையிட்ட இரு நாடுகளில் ஒரே தேவை ஒரே பொருளைத் தோற்றுவித்தது.

பின்னற்படல் நாளடைவில் மரச்சட்டமாயிற்று. மரச்சட்டம் இரும்புக் கம்பியாயிற்று. கம்பி வளைந்து பூங்கொடியாயிற்று. பொருள் இவ்வாறு உருமாறியபோதும் பெயர் மாறவில்லை. ஆட்டுப்பட்டியில் பிறந்த சொல் மாளிகையின் மாடியில் ஏறி நின்றது.

இச்சொல்லுக்கு உடன்பிறப்பு ஒன்றும் உண்டு. வீட்டு முகப்பில் பொருத்தும் கம்பி வேலைப்பாட்டை இக்காலத்தார் ‘கிரில்’ என வழங்குவர். இலத்தீன் கிராதிஸ் என்பதிலிருந்து சிறிய தட்டியைக் குறிக்கும் ‘கிராதிகுலா’ என்ற சொல் தோன்றியது. அது பிரெஞ்சு மொழியில் உருமாறி, ஆங்கிலத்திற் புகுந்து, கிரில் ஆயிற்று. ஒரு தாய் வயிற்றில் பிறந்த இரு சொற்களுள் ஒன்று போர்ச்சுகீசியர் வழியாகவும், மற்றொன்று ஆங்கிலேயர் வழியாகவும் தமிழ்நாட்டை அடைந்தன. தாழ்வாரத்துக் கிராதியும் முகப்புக் கிரிலும் ஒரே வீட்டில் நிற்கும்போது, பிரிந்து சென்ற உறவினர் நெடுங்காலத்திற்குப்பின் கூடியது போன்ற காட்சி அங்கே தோன்றுகிறது.

மாதுளம்பூவின் வடிவம்

கிராதியுள் மற்றொரு வகை உண்டு. கம்பிக்கு மாறாக, குடம் போன்று பருத்தும் கழுத்துப் போன்று சிறுத்தும் உள்ள குறுந்தூண்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேல் கைப்பிடி வைத்துக் கட்டுவது அது. பழைய மாளிகைகளின் மேல்மாடத்திலும் அகன்ற படிகளின் ஓரத்திலும் அதனைக் காணலாம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் எடுத்த கட்டடங்களிலும், காரைக்குடிப் பகுதியில் நகரத்தார் எடுத்த மாளிகைகளிலும் அத்தகைய தூண் வரிசைகள் உள்ளன. அக்குறுந்தூணை ஆங்கிலத்தில் ‘பாலஸ்டர்’ என்றும், அத்தூண்களின் வரிசையைப் ‘பாலஸ்டிரேடு’ என்றும் கூறுவர்.

இப்பெயரின் மூலம் ஒரு மலராகும். காட்டு மாதுளையின் பூவைக் கிரேக்கர் ‘பலாஸ்தியோன்’ என்றனர். மாதுளை மொட்டு அடியில் பருத்து, இடையில் ஒடுங்கி, மேலே மீண்டும் விரியும் இயல்புடையது. பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டுச் சிற்பியர் அவ்வடிவத்தில் குறுந்தூண்களை அமைக்கலாயினர். பூவின் பெயரைத் திரித்து அத்தூணுக்கே பெயராகவும் இட்டனர். அப்பெயர் இத்தாலியிலிருந்து பிரான்சுக்கும், அங்கிருந்து இங்கிலாந்துக்கும் சென்றது. இங்கிலாந்தில் பொதுமக்கள் வாயில் அது ‘பானிஸ்டர்’ எனவும் திரிந்தது. படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றி ஏறும் ஆங்கிலச் சிறுவன், தன் கை மாதுளம்பூவின் பெயரைத் தாங்கிய பொருள்மேல் படிந்துள்ளது என்பதை அறியான்.

அவ்வடிவம் அழகுக்காக மட்டும் எழுந்ததன்று. தூண் அடியிற் பருத்திருப்பதால் உறுதி பெறுகிறது. மேலே சிறுத்திருப்பதால் கல்லின் எடை குறைகிறது. இடைவெளி அகன்று காற்றும் ஒளியும் எளிதிற் செல்கின்றன. பயனும் அழகும் ஒன்றோடொன்று மாறுபட வேண்டுவதில்லை என்பதை அம்மலர்த்தூண் உணர்த்துகிறது.

கல்லாய் மாறிய மரவேலி

அயல்நாட்டுச் சொற்களின் வரலாறு இவ்வாறாக, இந்திய நாட்டில் அழகிய தடுப்பு முற்காலத்தில் இல்லையோ என்ற ஐயம் எழலாம். ஐரோப்பியர் கலங்கள் இந்நாட்டுக் கரையைக் காண்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, இங்குச் சிற்பியர் கல்லினால் பெருவேலிகள் சமைத்திருந்தனர். பௌத்தர் வழிபட்ட தூபிகளைச் சுற்றி அவ்வேலிகள் நின்றன. அவற்றை வேதிகை என்பர். மத்தியப் பிரதேசத்தில் சாஞ்சியிலும் பார்கூத்திலும், ஆந்திரத்தில் கிருட்டிணை ஆற்றங்கரையில் உள்ள அமராவதியிலும் அத்தகைய வேலிகள் இருந்தன. பார்கூத்து வேலி கிறித்து பிறப்பதற்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் எழுந்தது. 1873ஆம் ஆண்டு கன்னிங்காம் என்னும் ஆராய்ச்சியாளர் அதனைக் கண்டறிந்தார். அதன் பகுதிகள் கொல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ளன. அமராவதிச் சிற்பங்கள் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திற் காணலாம்.

வேதிகையின் உறுப்புகளுக்கு இட்ட பெயர்கள் இனியவை. செங்குத்தாக நிற்பது தம்பம், அதாவது தூண். தூணுக்கும் தூணுக்கும் இடையே குறுக்காகச் செல்வது சூசி. ஊசி என்பது அதன் பொருள். துணியின் மடிப்பை ஊசி கோப்பதுபோல, துளையிட்ட தூண்களை அக்குறுக்குக்கல் கோத்து நிற்கிறது. எல்லாவற்றிற்கும் மேலாக அமைந்த கல் உஷ்ணீஷம். தலைப்பாகை என்பது அதன் பொருள். கற்களின் கூட்டத்தைத் தலைப்பாகை அணிந்து நிற்கும் மக்கட் கூட்டமாகவே அக்காலச் சிற்பி கண்டான் போலும்!

சாஞ்சி வேலியைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஒன்று புலப்படும். கல்லை ஒன்றோடொன்று பொருத்திய முறை கல்தச்சரின் முறை அன்று. மரத்தச்சரின் முறையே ஆகும். தூணில் துளையிட்டு அதனுள் குறுக்குச் சட்டத்தை நுழைத்தல் மரவேலைக்கு உரியது. முற்காலத்தில் மரத்தால் அமைத்த வேலியைப் பார்த்தே பின்வந்தோர் கல்வேலி சமைத்தனர். மரம் மறைந்தது, மரத்தச்சனின் கைத்திறம் கல்லில் நிலைத்துவிட்டது.

அவ்வேலிகளை மன்னர் மட்டும் எழுப்பவில்லை. சாஞ்சியில் ஒவ்வொரு கல்லாகப் பலர் அளித்தனர். அளித்தவர் பெயரும் கல்லிற் பொறிக்கப்பட்டது. வணிகர், துறவியர், இல்லறத்தார், பெண்டிர் எனப் பலருடைய பெயர்கள் அங்கே காணப்படுகின்றன. அமராவதிப் பெருந்தூபிக்குக் கல் அளித்தவர்களுள் தமிழன் ஒருவனும் இருந்தான். தமிழனாகிய கண்ணன் என்று பொருள்படும் பெயர் அங்குள்ள கல்வெட்டில் உள்ளது. அவனுடைய தம்பியும் தங்கையும் அக்கொடையில் பங்கு கொண்டனர்.

தமிழ்நாட்டுக் கோயில்களிலும் படிகளின் இருபுறத்தும் அழகிய கைப்பிடிக் கற்கள் உண்டு. யாளியின் வாயிலிருந்து புறப்பட்டு வளைந்து இறங்கிச் சுருளாக முடியும் கல்லைச் சோழர் காலக் கோயில்களிற் காணலாம். யானை தன் துதிக்கையை நீட்டிப் படியில் ஏறுவோர்க்குத் துணை செய்வதுபோல் அமைந்தமையால், சிற்ப நூலார் அதனை யானைக்கை என்று பொருள்படும் ‘அத்திஅத்தம்’ என்ற பெயரால் வழங்குவர். மேலைநாட்டுச் சிற்பி மாதுளம்பூவைக் கண்ட இடத்தில், இந்நாட்டுச் சிற்பி யானையின் துதிக்கையைக் கண்டான். அவரவர் நாட்டில் கண்ணுக்கு இனியதாக எது தோன்றியதோ, அதுவே கல்லில் உருப்பெற்றது.

காப்பதும் விலக்குவதும்

வேலி இரு தொழில் செய்யும். உள்ளிருப்பதைக் காப்பது ஒன்று. வெளியிருப்பவரை விலக்குவது மற்றொன்று. பழைய உரோம நாட்டில் நீதிமன்றத்தில் நீதிபதிக்கும் மக்களுக்கும் இடையே ஒரு கிராதி இருந்தது. அதனை ‘கான்செல்லி’ என்றனர். அக்கிராதியின் அருகே நின்று மக்களை ஒழுங்குபடுத்திய வாயிற்காவலன் ‘கான்செல்லாரியஸ்’ எனப்பட்டான். காவலனைக் குறித்த அச்சொல் காலப்போக்கில் உயர்ந்து, பல்கலைக்கழகத்தின் வேந்தரைக் குறிக்கும் ‘சான்சலர்’ என்னும் ஆங்கிலப் பெயராயிற்று. எழுதியதை அடித்து நீக்குதலை ஆங்கிலத்தில் ‘கான்சல்’ என்பதும் அச்சொல்லின் வழிவந்ததே. எழுத்தின்மேல் குறுக்கும் நெடுக்குமாக இழுத்த கோடுகள் கிராதி போன்று தோன்றியமையே காரணம்.

இங்கிலாந்தின் நீதிமன்றங்களிலும் அத்தகைய தடுப்பு இருந்தது. அதற்குப் ‘பார்’ என்று பெயர். அத்தடுப்பின் அருகே நின்று வழக்காடும் உரிமை பெற்றவர் ‘பாரிஸ்டர்’ எனப்பட்டார். காந்தியடிகள் இலண்டன் சென்று பெற்ற பட்டமும் அதுவே. ஒரு மரத்தடுப்பின் பெயர், ஒரு கல்வித் தகுதிக்கும் ஒரு தொழிலுக்கும் பெயராகிவிட்டது.

கிராதிக்கு அப்பால் நிற்கும் உரிமை சிலர்க்கே இருந்த காலம் அது. காக்கும் வேலி பயிருக்கு வேண்டுவது. மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்கும் வேலி வேண்டப்படுவதன்று. ஆதலின் வேலி கட்டுவோர், அது எதனைக் காக்கிறது என்பதோடு, எவரை விலக்குகிறது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தமிழின் சொந்தச் சொற்கள்

கிராதி தமிழ்ச்சொல் அன்று என்றால் அதனை விலக்கிவிடலாமா? இவ்வினாவிற்கு இரு பக்கமும் நோக்கி விடை காணவேண்டும். தமிழில் இப்பொருளுக்குச் சொல் இல்லாமற் போகவில்லை. குறுக்குச் சட்டமோ கம்பியோ இட்ட தடுப்பிற்கு ‘அழி’ என்ற பெயர் உண்டு. அவ்வாறு அமைந்த கதவு அழிக்கதவு எனப்படும். மலையாளத்திலும் சன்னற் கம்பிக்கு அழி என்றே பெயர். பின்னல் வேலைப்பாடு அமைந்த சாளரத்திற்குப் ‘பலகணி’ என்று பெயரிட்டனர் முன்னோர். பல கண்களை உடையது என்பது அதன் பொருள். காற்று வரும் வழி என்னும் பொருளில் அதனைக் ‘காலதர்’ எனவும் கூறினர். மாடியின் ஓரத்தில் எழுப்பும் சிறுசுவர் கைப்பிடிச்சுவர் எனப்பட்டது. இச்சொற்கள் ஒவ்வொன்றும் பொருளின் பயனைத் தெளிவாகக் காட்டி நிற்கின்றன.

இத்துணைச் சொற்கள் இருந்தும் கிராதி நிலைத்ததற்குக் காரணம் உழைப்பாளர் அதனைத் தமக்கு உரியதாக ஆக்கிக்கொண்டமையே. பல தலைமுறையாகத் தமிழ் நாவில் புரண்டு, தமிழ் ஓசை பெற்று, அச்சொல் இந்நிலத்தில் வேர் ஊன்றிவிட்டது. அதனைப் பகையாக எண்ண வேண்டுவதில்லை. ஆயினும் விருந்தினரை ஏற்றதற்காக வீட்டாரை மறத்தல் தகாது. கிராதி என்று சொல்லுவோர் அழி, படல், பலகணி, காலதர் என்னும் சொற்களையும் அறிந்திருத்தல் வேண்டும். வழங்காத சொல் வழக்கொழியும். சொல் ஒழிந்தால் அதனோடு அதனைப் படைத்தோரின் அறிவும் மறைந்துபோகும்.

மண் மறைத்ததும் சொல் காத்ததும்

நெய்வேலியின் நிலக்கரியே இவ்வுண்மைக்குச் சான்று பகர்கிறது. பழுப்பு நிலக்கரியை ஆங்கிலத்தில் ‘லிக்னைட்’ என்பர். இலத்தீன் மொழியில் ‘லிக்னம்’ என்றால் மரம் என்பது பொருள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஓங்கி வளர்ந்த காடு சேற்றில் ஆழ்ந்து, மண்ணால் மூடப்பட்டு, அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் கரியாக மாறியது. நூறு அடிக்கும் மேற்பட்ட மேல்மண்ணை அகற்றிய பின்னரே அக்கரியை எடுக்க முடிகிறது. வெட்டி எடுத்த கரியின் சில துண்டுகளில் மரத்தின் நார் இன்னும் தெரியும். கிராதி என்னும் சொல்லும் அத்தகையதே. இரும்பாய்த் தோன்றும் அப்பெயரைத் தோண்டிப் பார்த்தால் உள்ளே கழியும் மிலாறும் தெரிகின்றன.

அந்நிலக்கரியின் பொருட்டுப் பல சிற்றூர்களின் நிலங்கள் எடுக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தையும், பிறந்து வளர்ந்த வீட்டையும் விட்டு மக்கள் வேறிடம் சென்றனர். அவர்கள் நட்ட வேலியும், பின்னிய படலும், ஆடு அடைத்த கிடையும் இருந்த இடங்கள் சுரங்கமாக மாறின. நாட்டின் பல ஊர்களில் விளக்கு எரிவதற்கு அவர்கள் விட்டுச்சென்ற நிலமும் ஒரு காரணமாகும். அவர்கள் இட்ட வேலிகள் இப்போது அங்கில்லை. ஊரின் பெயரில் மட்டும் வேலி நிற்கிறது.

அப்புதிய நகரத்தின் வீட்டு மாடியில் ஒரு சிறுவன் கிராதியைப் பற்றி நின்று தெருவை நோக்குகிறான். அவன் கையில் இருப்பது வெறும் இரும்பு அன்று. உரோம நாட்டு இடையன் பின்னிய தட்டியும், தமிழ்நாட்டு இடையன் சுமந்த படலும், சாஞ்சித் தச்சன் கோத்த கல்லூசியும் அதனுள் அடங்கியுள்ளன. அரண்மனைக்கு அணியாக நிற்கும் பொருளும் எளியவர் தேவையிலிருந்தே பிறந்தது. அழகாய்த் தோன்றுவதன் அடியில் உழைப்பு உள்ளது. பழகிய சொல்லின் அடியில் வரலாறு உள்ளது. அவற்றைத் தேடிக் காண்பதே கல்வியின் பயன்களுள் ஒன்றாகும்.